எழுத்தும் படப்புள்ளியும்: தொடக்ககால வீட்டுக் கணினிகளிலும் வீடியோ விளையாட்டுகளிலும் வரிவடிவம்

எழுத்தை ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டாகப் பகுத்துக் காண்பது தமிழ் பயில்வோர்க்குப் பழகிய முறை. ஒலிவடிவத்தை விரிவாக ஆராயும் நம் இலக்கண நூல்கள், வரிவடிவத்தைச் சில நூற்பாக்களோடு நிறுத்திக்கொள்கின்றன. வரிவடிவம் எழுதப்படும் பொருளைச் சார்ந்தது. கல்லில் ஒன்றாகவும் ஓலையில் ஒன்றாகவும் அச்சு ஈயத்தில் மற்றொன்றாகவும் அது இருந்துள்ளது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம்.

1970களில் தோன்றிய வீட்டுக் கணினியையும் வீடியோ விளையாட்டுப் பொறியையும் அந்த வரிசையில் அடுத்து வந்த எழுதுபொருள்களாகக் கொள்ளலாம். அவற்றின் திரையில் எழுத்து எவ்வாறு வரையப்பட்டது, அதற்கு எவ்வளவு நினைவகம் செலவாயிற்று, அந்தச் செலவுக் கணக்கை எழுத்தின் குறையாக நாம் எவ்வாறு தவறாகப் படித்தோம் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்தில்லாத் திரை

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவதற்கென விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டுப் பொறி, 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. ரால்ஃப் பேர் என்னும் பொறியாளரின் ஆக்கம் அது. அதில் நுண்செயலி இல்லை. சில வெண்ணிறக் கட்டங்களையும் ஒரு கோட்டையும் திரையில் காட்டுவதே அதன் முழுத் திறன். ஆடுகளத்தின் தோற்றம் வேண்டுமெனில், உடன்வந்த ஒளி ஊடுருவும் நெகிழித் தாளைத் தொலைக்காட்சித் திரைமீது ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் எத்தனை முறை வென்றனர் என்பதை ஆடுவோரே தாளில் குறித்துக்கொண்டனர். எழுத்தையோ எண்ணையோ அப்பொறியால் காட்ட இயலாது.

அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்திற்காக ஆலன் அல்கார்ன் வடிவமைத்த 'பாங்' என்னும் பொறி, ஆட்டத்தின் மதிப்பெண்ணைத் திரையிலேயே காட்டியது. ஏழு கோட்டுத் துண்டுகளுள் சிலவற்றை ஒளிரச் செய்தும் சிலவற்றை மறைத்தும் 0 முதல் 9 வரை எழுதும் முறை அது; மின்னணுக் கடிகாரங்களில் நாம் காண்பதும் அதுவே. எண் வந்துவிட்டது, எழுத்து இன்னும் வரவில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க கணினி என்னும் எண்ணத்தைப் பரவலாக்கிய ஆல்டேர் 8800, 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் இடம்பெற்றது. அதற்கும் திரை கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முகப்பில் இருந்த சிறு நெம்புகளை மேலும் கீழும் தள்ளி நிரலை உள்ளிட வேண்டும்; விடை சிவப்பு விளக்குகளாக எரியும். அடிப்படை அமைப்பில் அதன் நினைவகம் 256 பைட். எழுத்தை விரும்பியோர் தட்டச்சுப் பொறியொன்றைத் தனியே வாங்கி இணைத்துக்கொண்டனர்.

பகரத்திற்கு எட்டு எண்கள்

திரையும் விசைப்பலகையும் கொண்ட கணினிகள் 1977இல் ஒருசேர வந்தன: ஆப்பிள் 2, கமோடோர் பெட், டிஆர்எஸ்-80. இவை எழுத்தைக் காட்டிய முறையைச் சற்று நின்று நோக்க வேண்டும். பின்னர் நிகழ்ந்த பலவும் அதிலிருந்து பிறந்தவை.

எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் படப்புள்ளி என ஒரு கட்டத்தை மனத்தில் கொள்க. அதில் பகரத்தை வரைவோம். முதல் வரிசை வெற்றாக இருக்கட்டும். அடுத்த ஐந்து வரிசைகளிலும் இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி ஒளிரட்டும். ஏழாம் வரிசையில் அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கிடைக்கோடு. எட்டாவது மீண்டும் வெற்று. ஒளிரும் புள்ளியை 1 என்றும் ஒளிராததை 0 என்றும் கொண்டால், பக்கக் கோடுகள் உள்ள வரிசை 01000010; இதன் மதிப்பு 66. கிடைக்கோட்டு வரிசை 01111110. இதன் மதிப்பு 126. ஆகவே கணினிக்குப் பகரம் என்பது 0, 66, 66, 66, 66, 66, 126, 0 என்னும் எட்டு எண்களே. இடப்பக்கக் கோட்டை மட்டும் விட்டுவைத்தால் 0, 64, 64, 64, 64, 64, 126, 0 என டகரம் கிடைக்கும். முதல் வரிசையின் 0ஐ 24 ஆக்கினால் பகரத்தின் மேல் புள்ளி ஏறி 'ப்' ஆகிவிடும். மாணவர்கள் கட்டத்தாளில் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஓர் எண் ஒரு பைட். ஆக ஓர் எழுத்துக்கு 8 பைட். இத்தகைய வடிவங்களின் அட்டவணையைத் தொழிற்சாலையிலேயே ஒரு சில்லில் பதித்து, எழுத்தாக்கச் சில்லு எனக் கணினிக்குள் பொருத்தினர். திரை நினைவகத்தில் எழுத்தின் வரிசை எண் மட்டும் இருக்கும். மின்சுற்று அந்த எண்ணைக் கண்டு, அட்டவணையில் அதற்குரிய வடிவத்தை எடுத்துத் திரையில் வரையும்.

இந்தச் சுற்றுவழி எதற்காக? சிக்கனத்திற்காக. ஆப்பிள் 2 கணினியின் திரை 40 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உடையது. மொத்தம் 960 இடங்கள். இடத்திற்கு ஒரு பைட் என்றால் 960 பைட் போதும். திரையின் ஒவ்வொரு படப்புள்ளியையும் தனித்தனியே நினைவில் வைப்பதென்றால் அதே கணினிக்கு 8 கிலோபைட் தேவைப்பட்டது. அடிப்படை விலையான 1,298 டாலருக்குக் கிடைத்த ஆப்பிள் 2இன் மொத்த நினைவகமோ 4 கிலோபைட்.

சிக்கனம் எதுவரை சென்றது என்பதற்கு டிஆர்எஸ்-80 தெளிவான சான்று. அதன் திரை நினைவகத்திற்கு எட்டுச் சில்லுகள் வேண்டும். ஒன்றைக் குறைத்து ஏழு பொருத்தினர். ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் வடிவங்கள் எழுத்தாக்கச் சில்லுக்குள் இருந்தும், அவற்றைச் சுட்டும் ஒரு பிட் இல்லாமையால் திரையில் பேரெழுத்துகள் மட்டுமே தோன்றின. கைத்திறன் உடையோர் விடுபட்ட சில்லை வாங்கித் தாமே பற்றவைத்துக்கொண்டனர். ஆப்பிள் 2இலும் தொடக்கத்தில் சிற்றெழுத்து இல்லை. அதில் கட்டுரை எழுத உதவிய மென்பொருள், பேரெழுத்தை வேறுபடுத்த அதனை வெண்மைப் பின்னணியில் கருமையாகக் காட்டிற்று. ஆங்கிலமே தன் எழுத்துகளில் பாதியை இழந்து நின்ற காலம் அது. ஆங்கிலத்திற்குச் சிற்றெழுத்துத் தேவையில்லை என்று அதனால் எவரும் முடிவுகட்டிவிடவில்லை என்பதைப் பின்வரும் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கமோடோர் பெட் கணினியின் அட்டவணையிலோ சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களுக்கும் இடம் இருந்தது.

எழுத்தும் பூதமும் ஒரே அட்டவணையில்

விளையாட்டுப் பொறிகள் இதே முறையைத் தமக்கும் எடுத்துக்கொண்டன. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்திற்காகத் தோரு இவாதானி உருவாக்கிய 'பேக்-மேன்' விளையாட்டில், எட்டுக்கு எட்டுப் படப்புள்ளி கொண்ட சிறு ஓடுகளால் திரை நிரப்பப்பட்டது. சுவரின் ஒரு துண்டு ஓர் ஓடு. உண்ணப்படும் புள்ளி ஓர் ஓடு. ஓர் எழுத்தும் ஓர் ஓடு. பொறியைப் பொறுத்தவரை எழுத்துக்கும் சுவருக்கும் வேறுபாடு இல்லை.

இவ்வுண்மை 256ஆம் நிலையில் வெளிப்பட்டது. ஆட்டத்தின் நிலையைக் குறிக்கும் எண் ஒரே பைட்டில் இருந்தது. ஒரு பைட்டில் 255க்கு மேல் எண்ண முடியாது. 256ஆம் நிலையை எட்டியவுடன், திரையின் அடியில் பழங்களை வரிசையாக வரையும் பகுதி நிலைகுலைந்து, ஏழு பழங்களோடு நிற்காமல் 256 முறை வரைகிறது. பழங்களின் பட்டியல் முடிந்த பின்னும் நினைவகத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் எண்களை ஓட்டின் எண்களாகக் கொண்டு வரைந்துகொண்டே போகிறது. திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துகளும் எண்களும் படத்துண்டுகளும் கலந்து சிதறிக் கிடக்கும். ஆட்டத்தைத் தொடர இயலாது. படிக்க முடியாத அந்தக் குவியல், எழுத்து என்பது அப்பொறிக்கு எதுவாக இருந்தது என்பதை எந்த விளக்கத்தைவிடவும் நன்றாகக் காட்டுகிறது. எழுத்து அங்கே ஒலிக்குறி அன்று. வரிசை எண் இடப்பட்ட ஒரு படம்.

1977இல் வந்த அட்டாரி 2600 பொறியில் அத்தகைய அட்டவணைகூட இல்லை. அதன் நினைவகம் 128 பைட். இன்று பரவலாகப் பயன்படும் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு 3 பைட் ஆகும் என்பதால், 42 தமிழ்க் குறியீடுகளோடு அது நிரம்பிவிடும். விளையாட்டை எழுதியவர், தொலைக்காட்சியின் ஒளிக்கற்றை ஒவ்வொரு கோட்டையும் வரைந்து செல்லும் அதே வேளையில், அக்கோட்டிற்குரிய படத்தைப் பொறிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லொன்றை எழுதுவது அங்கே பெரும் ஆடம்பரம்.

அந்த ஆடம்பரத்தை ஒருவர் மேற்கொண்டார். நிரலாளர்களின் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் அந்நாளில் இல்லை. 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், எளிதில் புலப்படாத ஒரு புள்ளியை எடுத்துச் சென்றால் மட்டுமே திறக்கும் இரகசிய அறையை ஆட்டத்திற்குள் அமைத்து, இதனைப் படைத்தவர் தாம் என்று எழுதிவைத்தார். எழுத்து அட்டவணை இல்லாத பொறியாதலால், வாளையும் சாவியையும் வரைந்ததுபோலவே தம் பெயரையும் ஒரு பொருளாக, எழுத்துக்குக் கீழ் எழுத்தாக வரைய வேண்டியிருந்தது. அது கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். ஏட்டின் இறுதியில் தம் பெயரைப் பொறித்துவைத்த எழுத்தர்களை நினைவூட்டும் செயல் இது.

ஜப்பானியர் கண்ட வழிகள்

உரோமன் எழுத்துக்கென அமைந்த இந்த அட்டவணைக்குள் வேறோர் எழுத்துமுறை எவ்வாறு நுழைந்தது என்பதை அறிய ஜப்பானை நோக்க வேண்டும். ஜப்பானிய மொழி அசையெழுத்துகளான ஹிரகானா, கத்தக்கானா ஆகியவற்றோடு, கான்ஜி எனப்படும் சொல்லெழுத்துகள் ஆயிரக்கணக்கானவற்றையும் பயன்படுத்துகிறது. ஒரு பைட்டில் 256 இடங்கள். ஆங்கிலம் அவற்றுள் முதற்பாதியில் அடங்கிவிடும். மறுபாதியில் கத்தக்கானாவை அமைக்கும் நியமம் ஜப்பானில் 1969இலேயே உருவாகிவிட்டது.

அதில் மொழியியலார்க்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. ஜப்பானிய எழுத்தில் ஒலிப்பிலா ஒலியை ஒலிப்புடையதாக மாற்ற, எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரு சிறு கீற்றுகள் இடுவர். (தமிழில் இவ்வேறுபாடு பெரும்பாலும் எழுத்து நிற்கும் இடத்தால் அமைவதால் நமக்குத் தனிக்குறி தேவைப்படவில்லை.) இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, அக்கீற்றைத் தனி எழுத்தாக்கி, முதன்மை எழுத்தை அடுத்த கட்டத்தில் நிறுத்தினர். 1983இல் வந்த ஃபேமிகாம் விளையாட்டுப் பொறியில், அதே கீற்று மேல்வரியில் தனி ஓடாக வைக்கப்பட்டது. அதனால் இரண்டு வரிகளுக்கு இடையே ஒரு வரி அளவு இடம் விடப்பட்டது. ஓலையில் எழுதியோர் புள்ளியைக் கைவிட்டனர்; இவர்கள் கைவிடாமல் இடம் மாற்றிவைத்தனர்.

1986 மே மாதம் அப்பொறிக்கு வந்த 'டிராகன் குவெஸ்ட்' கதை சொல்லும் விளையாட்டு. எனவே உரையாடல் மிகுதி. 64 கிலோபைட் கொண்ட கார்ட்ரிட்ஜில் நாடும் கோட்டையும் பூதங்களும் இசையும் எழுத்தும் அடங்க வேண்டும். ஹிரகானாவுக்கு இடம் ஒதுக்கிய பின், கத்தக்கானாவில் ஏறத்தாழ 20 எழுத்துகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. விளையாட்டை வடிவமைத்த யூஜி ஹோரீ, பூதங்களின் பெயர்களையும் மந்திரங்களின் பெயர்களையும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே அமைத்துக்கொள்ள நேர்ந்தது. குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் கொண்டு பாடும் சித்திரகவி மரபை அறிந்த தமிழாசிரியர்க்கு இக்கட்டுப்பாடு புதிதன்று.

ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுநாள் தொடரவும் அதில் வழி இருந்தது. கார்ட்ரிட்ஜில் சேமிக்கும் வசதி இல்லாமையால், ஆடுபவரின் நிலை முழுவதையும் 20 ஹிரகானா எழுத்துகள் கொண்ட மந்திரச் சொல்லாகத் திரையில் காட்டினர். குழந்தைகள் அதனைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் பிழையின்றி உள்ளிட வேண்டும். அந்த 20 எழுத்துகள் 5, 7, 5, 3 எனப் பிரித்து அடுக்கப்பட்டன. ஐந்தும் ஏழுமாக வருவது ஜப்பானியச் செய்யுளின் நடை. பொருளற்ற எழுத்துக்கோவையாயினும் செய்யுளின் அளவில் வந்தால் காதும் கையும் அதனை எளிதில் பற்றிக்கொள்ளும்.

கான்ஜிக்கோ சிக்கனம் உதவாது. 1978இல் வெளிவந்த நியமம் 6,349 கான்ஜி எழுத்துகளைப் பட்டியலிட்டது. 16க்கு 16 படப்புள்ளிக் கட்டத்தில் ஒவ்வொன்றும் 32 பைட். எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 2 லட்சம் பைட். ஆயினும் 1982இல் வந்த என்இசி நிறுவனத்தின் பிசி-9801 வகைக் கணினிகளுக்கு, இவ்வடிவங்களைத் தனிச் சில்லுகளில் பதித்தே கொடுத்தனர். எழுத்தைக் குறைக்காமல் சில்லைக் கூட்டினர்.

தமிழின் கணக்கு

தமிழுக்கு 247 எழுத்து உள்ளமையால் அது கணினிக்கு ஒவ்வாது என்னும் பேச்சை, 1980களில் ஆசிரியர் கூட்டங்களில் நான் பலமுறை கேட்டதுண்டு. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் வடிவங்களை மாற்றிவிட வேண்டும் என்னும் கோரிக்கைக்குக் கணினியும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. அக்கூற்றை எண்ணிப் பார்ப்போம்.

247 எழுத்துகளுக்கு 247 வடிவங்கள் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் நான்கிற்கும் 72, ஆக 121. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கையும் சேர்த்தால் 125. எஞ்சியவை இவற்றின் சேர்க்கையே. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகளைப் பொதுவடிவத்திற்குக் கொண்டுவந்ததால் இக்கணக்கு இவ்வளவு ஒழுங்காக வருகிறது. கிரந்த எழுத்துகளை இதில் சேர்க்கவில்லை.

எட்டுப் படப்புள்ளி அகலம் தமிழுக்குப் போதாது என்பது உண்மையே. பகரமும் டகரமும் அழகாக அமையும். ஞகரமும் ணகரமும் நெரிந்துபோகும். எனவே கான்ஜிக்குக் கொடுத்த அதே 16க்கு 16 கட்டத்தைக் கொடுப்போம். 125 வடிவங்கள், ஒவ்வொன்றும் 32 பைட். மொத்தம் 4,000 பைட். நான்கு கிலோபைட்டுக்கும் சற்றுக் குறைவு. அட்டாரி 2600இன் வழக்கமான ஒரு கார்ட்ரிட்ஜின் அளவு அது. கோரப்பட்ட மாற்றத்தால் 72 வடிவங்களுக்குப் பதிலாக 4 குறிகள் வந்திருந்தால், மிஞ்சியிருக்கக்கூடியது 2,176 பைட். தலைமுறை தலைமுறையாகக் கண்ணும் கையும் பழகிய 72 வடிவங்களுக்கு அது மிகக் குறைந்த விலை. 2 லட்சம் பைட் கேட்ட எழுத்துக்குச் சில்லு செய்யப்பட்டது. 4,000 பைட் கேட்ட எழுத்துக்குச் செய்யப்படவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எழுத்தின் அமைப்பில் இல்லை. வாங்குவோர் எண்ணிக்கையிலும் கணினி செய்யும் தொழில் எந்நாட்டில் இருந்தது என்பதிலும் இருந்தது என்பதே என் கருத்து.

1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி, பயன்படுத்துவோரே வரைந்துகொள்ளும் 21 வடிவங்களுக்கு இடம் தந்தது. விண்கலம் வரைவதற்கென வைக்கப்பட்ட அந்த இடத்தில் எந்த மொழியின் எழுத்தையும் வரையலாம். மேலே கண்ட எட்டு எண்களை உள்ளிட்டால் பகரம் திரையில் தோன்றிவிடும். 1984இல் வந்த மெக்கின்டாஷ் இன்னும் ஒரு படி சென்று, எழுத்தாக்கச் சில்லையே நீக்கிவிட்டது. அதன் திரை 512க்கு 342 படப்புள்ளிகள். அனைத்தும் நினைவகத்தில், 21,888 பைட்டில் இருந்தன. எழுத்துரு என்பது வட்டில் வைத்துக் கொடுக்கத்தக்க ஒரு கோப்பாயிற்று. சூசன் கேர் அதற்கென ஆங்கில எழுத்துருக்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தார்.

எழுத்து சில்லிலிருந்து விடுபட்டதும், தொழிற்சாலையின் இசைவின்றியே தமிழ் கணினிக்குள் வந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய முரசு மென்பொருளும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்திற்கு ஆற்றிய பணியும் நம் வட்டாரத்தார் அறிந்தவை. புதிய இடரொன்றும் உடன் வந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய எண்களில் அமைத்துக்கொண்டது. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குவியலாகத் தோன்றியது. பேக்-மேனின் 256ஆம் நிலையில் கண்டதுதான் இங்கும் நிகழ்ந்தது: எண் இருக்கிறது, அதற்குரிய படம் வேறாகிவிட்டது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலை முதன்மையாக எடுத்துக்கொண்டது.

யூனிகோடு நியமம் 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், அது நம் அன்றாடக் கணினிகளில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. அதில் எழுத்தின் எண் வேறு, படம் வேறு எனத் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எனினும் அதன் அடிப்படை, அகரமேறிய மெய்யும் அதனோடு சேரும் குறிகளும் ஆகும். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று நிரலைக் கேட்டால், ஐந்து என்று விடை வரும்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. பள்ளிகளில் மாணவர்கள் தாமே எழுதும் சொல் விளையாட்டுகளில், மூன்றெழுத்துச் சொல்லை ஐந்தெழுத்து என்று கணினி ஏற்பதும், எழுத்துகளைக் கலைத்துப் போடும்போது புள்ளி மட்டும் தனியே வந்து நிற்பதும் இதனால்தான். குறி எதுவாயினும் அதற்கு முன்னுள்ள மெய்யோடு சேர்த்தே எண்ணுமாறு நிரலில் சில வரிகள் சேர்த்தால் விடை மூன்றாகிவிடும். அவ்வரிகளை எழுதப்புகும் மாணவர்க்கு, உயிர்மெய் என்பது என்ன என்று முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கும்.